உஷார்! கல்லாக் கணினியைப் 'பறக்க' விடாதீர்கள்

தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை, கிடங்கு, மளிகை என்று நடத்துபவர்களே, கவனம்! "பில் போட லேட்டாகுதா பாஸ்? ஒரு செட்டிங் மாத்தினா பறக்கும்" என்று சிஸ்டம் பார்க்க வரும் தம்பி சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எந்த செட்டிங் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு பில்லும் டிஸ்க்கில் நிஜமாகவே பதிந்ததா என்று டேட்டாபேஸ் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை வெட்டினால் வேகம் வரும், வராமல் என்ன! மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 'இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற செட்டிங் வழக்கமாக 1. அதை 2 ஆக்கினால் பில் மெமரியிலேயே தங்கி, சுமார் நொடிக்கு ஒரு தடவைதான் டிஸ்க்குக்குப் போகும். சாயங்கால மழையில் இடி விழுந்து கரண்ட் போனால் கடைசி நொடி பில்கள் அம்போ. ரசீது வாடிக்கையாளர் கையில் இருக்கும், இ-இன்வாய்ஸ் வருமான வரி வாரியத்துக்கே போயிருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் இருக்காது.

அதையாவது தேடிப்பிடித்து மறுபடி ஏற்றலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில், டிஸ்க்கில் பதியவைக்கும் 'எஃப்சிங்க்'கை ஆஃப் செய்வது கொலைபாதகம். மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் முதலில், டேட்டா பிறகு என்ற வரிசையே குலைந்து, டேட்டாபேஸ் மொத்தமும் திறக்காமல் போகலாம். வேகம் வேண்டியே தீருமென்றால் அங்கே 'சிங்க்ரனஸ் கமிட்' ஆஃப் போதும்: கடைசிச் சில பில்கள் போகலாம், மற்றது உடையாது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் சர்வரைக் கொடுக்காதீர்கள்.

எஃப்சிங்க் ஆனில் இருந்தாலும் ஒரு பொறி உண்டு: டிஸ்க்கில் எழுதுவது தோற்ற பிறகும், மறுபடி கேட்டால் லினக்ஸ் 'சரி' என்று சொல்லிவிடக்கூடும் என்பது 2018-ல் அம்பலமானது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, லாக்கிலிருந்து மீள்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு ஓடுகிறதா, மாற்றுங்கள். மலிவான எஸ்எஸ்டி சிலவும் பதியாததைப் பதிந்ததாகச் சொல்லும்; மின்தடைப் பாதுகாப்புள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

"யுபிஎஸ் இருக்கே" என்பவர்களுக்கு: நல்லதுதான். 2022 ஜூலை 27-ல் யோங் பெங் துணை மின்நிலையக் கோளாறு தீபகற்ப மலேசியாவில் பல இடங்களை இருட்டாக்கியதே! ஆனால் கணினியே உறைந்துபோனால் யுபிஎஸ் என்ன செய்யும்?

வேகத்துக்கு நேர்வழியும் உண்டு. சரக்குப் பட்டியல் ஏற்றும்போது வரிக்கு வரி கமிட் செய்யாமல் ஆயிரம் வரியை ஒரே டிரான்சாக்‌ஷனில் போடச் சொல்லுங்கள். ஆயிரம் காத்திருப்பு ஒன்றாகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் அந்த 1 அப்படியே 1-ஆக இருக்கட்டும்.