ஆறு பேர் எங்கே போனார்கள்? (ஒரு புள்ளியின் கதை)



போன மாதம் அறிவிப்புப் பலகையில் பஸ் பாஸ் பட்டியல் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கா? அதில் திருப்புலிவனத்துக்கு நேரே ‘ஆண் 6’ என்று இருந்தது. மறுநாளே அந்த ஊர் அக்கா ஒருத்தர் வந்து, “ஏன்ப்பா, எங்க ஊர்ல இருந்து பொண்ணுங்களே வர்றதில்லையா? நாங்க ஆறு பேரும் யாரு?” என்று கேட்டுவிட்டார். அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாருமே மாணவிகள்தான், ஒரு பையன்கூட கிடையாது. நாங்கள் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கம்ப்யூட்டரும் தப்பாகக் கூட்டவில்லை. அப்புறம் யார் செய்த தப்பு?

பட்டியலைப் பைத்தான் நிரலில் போட்டு டெர்மினலில் ஓட்டினோம். டெர்மினல் என்பது எழுத்து மட்டும் தெரியும் கருப்புத் திரை. ஊர்ப் பெயருக்கு 16 இடம், ஆண் பத்திக்கு 6 இடம், அதன் பிறகு பெண் என்று சொல்லியிருந்தோம். ஆள் இல்லாத இடத்தைக் காலியாக விடச் சொன்னோம். திரையில் எந்தத் தலைப்புக்குக் கீழே எண் தெரிந்ததோ, அப்படியே பார்த்துக் கையால் எழுதி ஒட்டினோம். தப்பு நடந்தது அந்தத் திரையில்தான்.

உங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். டெர்மினலும் அதே மாதிரிதான். 1978ல் வந்த விடி100 என்ற புகழ்பெற்ற டெர்மினலில் ஒரு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இது கச்சிதம். ஏ ஒரு கட்டம், பி ஒரு கட்டம், எண்ணினால் முடிந்தது. சீன எழுத்து அகலம் என்பதால் அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தார்கள்.

தமிழுக்கு? இங்கேதான் சிக்கல். நம் எழுத்துகள் 247. ஆனால் 1991ல் வந்த யூனிகோடில் 247க்கும் தனித்தனி எண் கிடையாது. உயிருக்கு எண் உண்டு, ‘க’ மாதிரி அகரமேறிய மெய்க்கு எண் உண்டு, கால், கொம்பு, சுழி, புள்ளி என்று துணைக்குறிகளுக்குத் தனி எண் உண்டு. க என்றால் 2965, புள்ளி என்றால் 3021. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ‘க்’. நாம் ஓர் எழுத்து என்கிறோம், கம்ப்யூட்டர் இரண்டு என்கிறது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். ஏ, னா, த், தூ, ர். கையால் எண்ணினால் 5. பைத்தானிடம் நீளம் கேட்டால் 9 என்கிறது. கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் 27. ஒரே ஊர், மூன்று கணக்கு! மூன்றுமே சரிதான். ஆனால் திரையில் எத்தனை கட்டம் அடைக்கும் என்பதை இந்த மூன்றில் எதுவும் சொல்லாது.

அதைச் சொல்வதற்கென்றே யூனிக்ஸ் உலகத்தில் ‘டபிள்யூசி-வித்’ என்ற செயற்கூறு இருக்கிறது. ஒரு குறியைக் கொடுத்தால் 0, 1, 2 என்று கட்டக் கணக்கு சொல்லும். கேம்பிரிட்ஜில் இருக்கும் மார்க்கஸ் கூன் என்பவர் இதை எழுதி இலவசமாகக் கொடுத்தார், பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். அதில் புள்ளிக்கு 0. நியாயம்தானே, தலை மேலே உட்காருகிறது, தனி இடம் எதற்கு? என் அத்தை தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர். புள்ளி விசையை அடித்தால் வண்டி நகரவே நகராது என்பார். அதே யோசனைதான்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ‘கி’யில் உள்ள குறியின் எண் 3007, ‘கீ’யில் உள்ளது 3008. பக்கத்து வீட்டுக்காரர்கள். கூன் அட்டவணைப்படி முதலாவதுக்கு ஒரு கட்டம், இரண்டாவதுக்கு ஒன்றுமில்லை. அதாவது கி இரண்டு கட்டம், கீ ஒரே கட்டம்! யூனிகோடு வகைப்பிரிப்பில் ஒன்றை இடம் அடைக்கும் குறி என்றும் மற்றதை இடம் அடைக்காத குறி என்றும் போட்டுவிட்டார்கள். தமிழ் மிஸ் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அப்படியே தலைகீழ். ‘கு’வும் ‘கொ’வும் ஆளுக்கு இரண்டு கட்டம். கு-வுக்கு அது தாராளம், இரண்டு பக்கமும் கை நீட்டும் கொ-வுக்கு நெரிசல்.

எல்லா டெர்மினலும் இந்தக் கணக்கைப் பின்பற்றுவதும் இல்லை. எங்கள் லேபில் உள்ளது எந்தத் துணைக்குறிக்கும் கட்டம் தராது. இப்போது நம் வழக்கைத் தீர்த்துவிடலாம். ‘திருப்புலிவனம்’ பைத்தானுக்கு 14. ஆகவே 16ஐ நிரப்ப 2 காலி இடம் மட்டும் சேர்த்தது. திரையிலோ பெயர் 8 கட்டம்தான் அடைத்தது. 6 கட்டம் குறைந்து, பின்னால் வந்த எல்லாம் இடப்பக்கம் இழுபட்டன. மேலே தலைப்பு வரியில் ‘ஊர்’ ஒரே கட்டம்தான் குறைந்தது. அதனால் பெண் பத்தியில் இருக்கவேண்டிய 6, ‘ஆண்’ தலைப்புக்கு நேர் கீழே போய் நின்றது.

முதலில் பெயரை எட்டில் வெட்டிவிடலாம் என்று நினைத்தோம். அது இன்னும் மோசம். ஏனாத்தூர் ‘ஏனாத்தூர’ ஆனது, மானாம்பதி ‘மானாம்பத’ ஆனது, திருப்புலிவனம் ‘திருப்பு’ ஆனது. வெட்டு எழுத்துக்கு நடுவில் விழுகிறது. உத்திரமேரூர் கல்வெட்டு பார்க்கப் போனபோது வரலாறு சார் சொன்னது ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் குடவோலை முறையை வெட்டி வைத்தார்களே, அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காதாம், படிப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டுமாம். கல்லில் அது வழக்கம். உயிரோடு இருக்கிறவன் பெயரில் புள்ளியைத் தின்றுவிட்டு, நீயே புரிந்துகொள் என்று சொன்னால் எப்படி? ‘கண்ணன்’ என்ற பையனை யாராவது ‘கண்ணன’ என்று எழுதிப் பாருங்கள், சண்டைக்கு வருவான்.

2010ல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு, வெட்டினாலும் எழுத்து உடையாது. ஆனால் இணையம் முழுக்க யூனிகோடுதான் நிலைத்துவிட்டது. ஆகவே நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். வழி சுலபம். 3006 முதல் 3021 வரை எண் உள்ள குறி வந்தால் முன் எழுத்தோடு சேர்த்துவிடு, தனியாக எண்ணாதே. ஏனாத்தூருக்குச் சரியாக 5 வரும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் ஏமாற்றும்.

அப்படி எண்ணினாலும் வேறு டெர்மினலில் பத்தி நேராக நிற்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. கடைசியில் கணினி மிஸ் ஒரே வரியில் முடித்துவிட்டார். “எண்ணை எல்லாம் முன்னாடி போடுங்கடா, பேரைக் கடைசில போடுங்க.” பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை என்றால் எதை இழுக்கும்? புதுப் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. திருப்புலிவனம் ஆறு பேரும் அவரவர் பத்தியில் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை: ‘சாலவாக்கம்’ கையால் எண்ணினால் எத்தனை, பைத்தானுக்கு எத்தனை, கூன் கணக்கில் எத்தனை கட்டம்? விடையை இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். (6, 10, 8 என்று வராவிட்டால் மறுபடி எண்ணுங்கள்!)

– பிளஸ் 2 கணினி அறிவியல் பிரிவு மாணவன், ஏனாத்தூர்