ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்

பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்து அணை கட்டியபோது பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கி காதூன் ஏரி ஆயிற்று. மூழ்காமல் நின்ற ஒரு குன்றுதான் பாரோ கொலராடோ தீவு. பரப்பு சுமார் 1,560 ஹெக்டேர். 1923இல் காப்புக்காடாக்கப்பட்ட இத்தீவு 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது.

1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் ஆகிய சூழலியலாளர்கள் தீவில் 50 ஹெக்டேர் காட்டை எல்லை வகுத்து அளந்தனர். அதற்குள் 1 செ.மீ. விட்டமுள்ள இளங்கன்று முதல் வானளாவிய மரம் வரை எல்லாவற்றுக்கும் எண் பொறித்த தகடு உண்டு. இருப்பிடம் வரைபடத்தில் உண்டு. சுமார் 300 இனங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். 1985 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவை அத்தனையும் மீண்டும் அளக்கப்படுகின்றன. செத்தவை கணக்கிலிருந்து கழியும், புதிதாக 1 செ.மீ. எட்டியவை சேரும்.

வேலை எளிதன்று. அளவை நாடாவைச் சுற்ற வேண்டிய உயரம் 1.3 மீட்டர். அடிமரத்தில் பலகை வேர் படர்ந்திருந்தால், ஏணியில் ஏறி அந்த வேர் முடிந்த இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். அடுத்த முறை நாடா சற்றே இறங்கிச் சுற்றப்பட்டாலும் வளராத மரம் பருத்துவிட்டதாகக் கணக்கு காட்டும். பல பத்தாண்டுத் தரவின் நம்பகம் இந்தச் சிறு கவனத்தில்தான் தங்கியிருக்கிறது.

முதல் கணக்கெடுப்பு முடியும் தறுவாயில், 1983இல், எல் நினோ கடும் வறட்சியைக் கொண்டுவந்தது. அடுத்த கணக்கெடுப்பில், குறிப்பாகப் பெரிய மரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக மடிந்திருந்தன. ஈரமான சரிவுகளை நம்பி வாழ்ந்த இனங்கள் பிறகும் குறைந்துகொண்டே வந்தன. முன்கணக்கு கையில் இல்லாதிருந்தால் இந்தச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

1987 முதல் காட்டுக்குள் 200 விதைப்பொறிகளும் வைக்கப்பட்டுள்ளன. வலை விரித்த அந்தச் சட்டங்களில் விழும் விதை, பூ, காய் ஒவ்வொரு வாரமும் எண்ணப்படுகிறது. ஓர் இனத்தின் விதைகள் எங்கே குவிந்து விழுகின்றனவோ அங்கே அவற்றில் நாற்றாகும் விகிதம் குறைகிறது என்பதை இந்த எண்ணிக்கை காட்டியது. அந்த இனத்தையே தேடித் தாக்கும் பூஞ்சைகளும் பூச்சிகளும் இதற்குக் காரணம். காலியாகும் இடத்தில் வேறு இனங்கள் தலைதூக்குகின்றன. ஒரே காட்டில் இத்தனை இனங்கள் கூடி வாழ்வதற்கு இது ஒரு முக்கிய விளக்கம்.

கண்காணிப்பு சொன்ன கசப்பான உண்மையும் உண்டு. படையெறும்புகள் கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகளில் பெரிய இனம் ஒன்று தீவிலிருந்து அற்றுப்போனது. சுற்றிலும் நீர் சூழ்ந்த சிறு காட்டில் சில உயிர்களுக்குக் காவல் மட்டும் போதவில்லை.

இதே முறையில் இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் 25 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பு உள்ளது. நீலகிரியின் முதுமலையில், இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பு இலையுதிர் காட்டில் அமைந்தது. அங்கே யானையும் காட்டுத்தீயும் மரங்களின் தலைவிதியை எழுதுகின்றன. ஒரே அளவுகோல் என்பதால் மூன்று காடுகளின் ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்க முடிகிறது.