பாலக்காட்டு பி.இ.எம். பள்ளியும் அதன் மாணவர்களும்

பாலக்காடு நகரின் பழைய பள்ளிகளுள் ஒன்று பாசல் எவாஞ்சலிக்கல் மிஷன் மேல்நிலைப் பள்ளி. ஊரில் யாரும் இந்த நீண்ட பெயரைச் சொல்வதில்லை, பி.இ.எம். பள்ளி என்றாலே போதும். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனும், கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய பொறியாளர் இ. ஸ்ரீதரனும் இங்கே ஒரே காலத்தில் படித்தவர்கள். பள்ளியின் பெயர் கேரளத்துக்கு வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் இவர்களே காரணம். ஆனால் இவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பள்ளி தொடங்கிவிட்டது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815இல் உருவானது பாசல் மிஷன். அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் தென் ஜெர்மனியைச் சேர்ந்த கைவினைஞர், விவசாயக் குடும்பத்தினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகளுக்கு எளிதில் திறக்கவில்லை. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அந்தத் தடையை விலக்கியது. மறு ஆண்டே சாமுவேல் ஹெபிக் உள்ளிட்ட மூவர் கோழிக்கோட்டில் கரையிறங்கி மங்களூரில் நிலைகொண்டனர். மங்களூரிலிருந்து கண்ணூர், தலச்சேரி, கோழிக்கோடு என்று தெற்கே நகர்ந்த மிஷன், 1858இல் பாலக்காட்டில் நிலையம் அமைத்தது. பள்ளியின் வயதும் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

அந்தக் காலகட்டம் தற்செயலானதல்ல. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்ற கொள்கை 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையோடு வந்தது. பள்ளி நடத்தும் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் என்றானதும் மிஷன்களுக்குக் கை கொஞ்சம் தாராளமானது. 1857இல் மலபார், கன்னட மாவட்டங்களின் பள்ளி ஆய்வாளராக அரசு அமர்த்தியவரும் பாசல் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் குண்டர்ட்தான். மலையாள அகராதியால் புகழ்பெற்ற குண்டர்ட் முதலில் கற்ற தென்னிந்திய மொழிகளில் ஒன்று தமிழ். 1836இல் சென்னைக்கு வந்தவர் திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்துவிட்டுத்தான் மேற்குக் கரைக்குப் போனார். நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவருடைய மகள்வழிப் பேரன்.

பாசல் மிஷனுக்கு மற்ற மிஷன்களிடமிருந்து வேறுபட்ட ஒரு முகமும் உண்டு. மதம் மாறியவர்களைப் பல இடங்களில் நிலவுடைமையாளர்கள் குத்தகையிலிருந்து வெளியேற்றினார்கள். சொந்தச் சாதியாரும் ஒதுக்கினார்கள். அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்காக மிஷன் நெசவுச் சாலைகளையும் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் தொடங்கியது. ‘மங்களூர் ஓடு’ என்று தமிழ்நாட்டு வீடுகளின் கூரையேறிய ஓட்டின் பிறப்பிடம் 1865இல் மங்களூரில் மிஷன் நிறுவிய தொழிற்சாலை. பின்னர் பாலக்காட்டிலும் அப்படியொரு ஓட்டுத் தொழிற்சாலை நடந்தது.

பாலக்காட்டின் இருப்பிடம் பள்ளிக்குப் பெரிதும் உதவியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள கணவாயின் வாயிலில் இருக்கிறது ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862இல் இந்தக் கணவாய் வழியே முழுமையடைந்தது. மலபார் மாவட்டம் 1956 வரை சென்னை மாகாணத்தோடும், பிறகு சென்னை மாநிலத்தோடும் இருந்ததால், பாலக்காட்டுப் பையனுக்கு மேற்படிப்பும் அரசு வேலையும் சென்னைப் பக்கம்தான். கல்பாத்தி, நூரணி போன்ற அக்கிரகாரங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் ஆங்கிலக் கல்வியை விரைவாகப் பற்றிக்கொண்டன. நிலத்தின் வரும்படி பல பங்காகப் பிரிந்துகொண்டிருந்த வீடுகளில் ஒரு பையன் ஆங்கிலம் படித்தால் குடும்பமே நிமிர்ந்தது. சென்னை, பம்பாய், டெல்லி அலுவலகங்களில் ‘பாலக்காட்டு ஐயர்’ ஒரு வகை மனிதராகவே அறியப்பட்டதன் பின்னணி இதுதான்.

மிஷன் எதிர்பார்த்தது வேறு. சாதியை ஏற்காத சபையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட அமைப்பு அது. அதன் பள்ளிக்கு வந்த மேல்சாதிப் பிள்ளைகளோ பைபிள் வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு, ஆங்கிலத்தையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு, மதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். தென்னிந்திய மிஷன் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலானவற்றின் கதையும் இதுவே. பள்ளிக்கு வெளியே ஊரும் எளிதில் மாறவில்லை. 1924இல்கூடக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரான ஈழவர்கள் நடக்கலாமா என்பது பெரும் தகராறானது. அதன் தொடர்ச்சியாக ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர்.

1866இல் ஊரில் இன்னொரு பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து 1888இல் விக்டோரியா கல்லூரியானது. அதன் பிறகு பாலக்காட்டுப் படிப்புக்கு ஒரு வழக்கமான பாதை ஏற்பட்டது: பி.இ.எம். போன்ற பள்ளியில் உயர்நிலைப் படிப்பு, விக்டோரியாவில் இன்டர்மீடியட், அதற்குப் பின் ரயிலேற்றம்.

முதல் உலகப் போர் பாசல் மிஷனை உலுக்கியது. ஜெர்மானிய மிஷனரிகள் எதிரி நாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டுப் பின்பு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். ஓட்டு, நெசவுத் தொழில்கள் 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. மலபாரிலிருந்த சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையோடு இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று அந்த ஐக்கிய சபை, ஆங்கிலிகன் சபை, மெதடிஸ்ட் சபை ஆகிய மூன்றும் சென்னையில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. வெஸ்லியன் மெதடிஸ்டுகள் தொடங்கிய மன்னார்குடி பின்லே பள்ளியும் பாசல்காரர்கள் தொடங்கிய பாலக்காட்டுப் பள்ளியும் இப்படித்தான் ஒரே திருச்சபைக் குடும்பத்துக்குள் வந்தன.

சேஷனும் ஸ்ரீதரனும் பி.இ.எம்.மில் படித்தது இந்த மாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளில். திருநெல்லாய் கிராமத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் சேஷன். பட்டாம்பிப் பக்கத்துக் கருகபுத்தூரில் 1932இல் பிறந்தவர் ஸ்ரீதரன். விக்டோரியா கல்லூரியிலும் இருவரும் படித்தனர். காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இருவருக்குமே இடம் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஸ்ரீதரன் காக்கிநாடாவுக்குப் போனார். சேஷன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்தார்.

ஸ்ரீதரன் தமிழ்நாட்டில் முதலில் அறியப்பட்டது பாம்பன் பாலத்தால். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலமும் சிதைந்தது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது, பிறகு மூன்று மாதமாகக் குறைத்தது. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் முடித்தது. பின்னர் கொல்கத்தா மெட்ரோவின் திட்டப் பணி, 1990 முதல் கொங்கண் ரயில்வே, 1997 முதல் 2011 வரை டெல்லி மெட்ரோ என்று அவர் பணி விரிந்தது. 2008இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

சேஷன் 1955இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து தமிழ்நாட்டில் மதுரை ஆட்சியர் உள்ளிட்ட பொறுப்புகளை வகித்தார். 1989இல் மத்திய அமைச்சரவைச் செயலாளரானார். 1990 டிசம்பர் முதல் ஆறு ஆண்டுகள் தலைமைத் தேர்தல் ஆணையர். தேர்தல் நடத்தை விதிகள் அதற்கு முன்பும் இருந்தன. மீறினால் தேர்தலே நின்றுபோகும் என்று கட்சிகள் அஞ்சத் தொடங்கியது அவர் காலத்தில்தான். வாக்காளர் புகைப்பட அட்டையும் அப்போது வந்தது. 1993இல் அரசு ஆணையத்தை மூவர் கொண்டதாக்கியபோது சேஷன் எதிர்த்து வழக்காடினார். 1995இல் உச்ச நீதிமன்றம் அரசின் முடிவே செல்லும் என்றது. 1996இல் மகசேசே விருது பெற்றார். 2019 நவம்பரில் சென்னையில் காலமானார்.

இத்தகைய பெயர்களை வைத்துப் பள்ளியை அளப்பதில் ஒரு கோணல் உண்டு. மேதைகளை எந்தப் பள்ளியும் தயாரிப்பதில்லை. பி.இ.எம்.மின் உண்மையான விளைச்சல், பெயர் பதிவாகாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும்தான்.

கேரளம் உருவான பிறகு பள்ளிகளின் நிர்வாகம் அரசியல் போராட்டமானது. முதல் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்தைக் கட்டுப்படுத்த முனைந்தது. கிறிஸ்தவ நிர்வாகங்கள் எதிர்த்தன. 1959இல் அந்த அரசுக்கு எதிரான ‘விமோசன சமரம்’ என்ற போராட்டமும் ஆட்சிக் கலைப்பும் வந்தன. ஆனால் ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1990களில் கேரளம் கல்லூரிகளிலிருந்த பிரீ-டிகிரி வகுப்புகளைப் படிப்படியாகப் பள்ளிகளுக்கு மாற்றியபோது உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாயின.

2021 சட்டமன்றத் தேர்தலில் 88 வயது ஸ்ரீதரன் பாலக்காடு தொகுதியில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்றார். தான் படித்த ஊரில் வாக்குக் கேட்ட அவரை, காங்கிரஸின் ஷாபி பரம்பில் நான்காயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்கடித்தார்.