பெயரறிந்து செய்த பெருந்தொண்டு

தாதித் தொண்டு என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுபவர் கைவிளக்கேந்திய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே. அவரோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மற்றொருவர் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த கிளாரா பார்ட்டன் அம்மையார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்ற அளவில் மாணவர் பலரும் அவரை அறிவர். அதற்கு முன்னர் அவர் ஆற்றிய அருந்தொண்டு ஒன்று அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதனையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1821 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தார். பதினொரு வயதளவில், கூரையினின்று விழுந்து நோயுற்ற தமையனாரை ஏறக்குறைய ஈராண்டு அருகிருந்து பேணினார். பதினேழாம் வயதில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1852 இல் நியூ ஜேர்சி மாநிலத்துப் போடன்ரவுன் என்னும் ஊரிற் கட்டணமில்லாப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். மாணவர் தொகை விரைவிற் பெருகிற்று. புதிய கட்டிடமும் எழுந்தது. ஆயினும், தலைமைப் பதவி அவரினும் மிகுந்த ஊதியத்துடன் ஆடவர் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. மனம் நொந்த அம்மையார் அப்பாடசாலையை விட்டு நீங்கி, தலைநகராகிய வாஷிங்டனை அடைந்து, அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் இலிகிதராய் அமர்ந்தார்.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. காயமுற்று வாஷிங்டன் வந்துசேர்ந்த மசச்சூசெற்ஸ் படையினரிடையே, தம்மிடம் பயின்ற இளைஞர் சிலரை அம்மையார் கண்டார். அன்று தொடங்கிற்று அவர்தம் போர்க்காலப் பணி. அவர் பயிற்சி பெற்ற தாதியல்லர். தாதியரைப் பயிற்றும் கல்லூரிகள் அந்நாட்டிற் பின்னரே தோன்றின. மருந்தும் கட்டுத்துணியும் உணவும் தாமே திரட்டி, 1862 முதல் போர்க்களத்திற்கே வண்டிகளிற் கொண்டு சென்றார். அவ்வாண்டு செப்டெம்பர் 17 இல் நிகழ்ந்த அன்டியெற்றப் போரின்போது, அவர் பேணிக்கொண்டிருந்த வீரன் ஒருவனைக் கொன்ற குண்டு, அவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்றதாம்.

போர் 1865 இல் முடிந்தது; துயரம் முடியவில்லை. படையினர்க்குப் பெயர் பொறித்த தகடு வழங்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆதலின், மாண்டோர் பலர் பெயரறியாப் புதைகுழிகளிற் கிடந்தனர். மகன் உளனோ இலனோ என்றறியாது வாயிலை நோக்கியிருந்த தாயர் பலர். கணவன் இறந்தமைக்குச் சான்று காட்டவியலாமையால் உதவிப்பணம் பெறமாட்டாது வாடிய மனைவியரும் பலர். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் இசைவைப் பெற்று, இன்னோர்க்கு விடைகாணும் பணியை அம்மையார் மேற்கொண்டார்.

அவர் கையாண்ட முறை எளியது. காணாமற்போனோர் பெயர்களை மாநிலவாரியாகத் தொகுத்து அச்சிட்டார். செய்தித்தாள்களிலும் தபாற் கந்தோர்களிலும் அவற்றை வெளிப்படுத்தினார். அவர்களைப் பற்றி அறிந்தோர் எழுதுக என உயிர்தப்பிய வீரரை வேண்டினார். வந்த செய்தியை உரிய குடும்பத்தார்க்கு அறிவித்தார். 1868 வரையில் 63,000 இற்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன; 22,000 இற்கு மேற்பட்டோரின் கதி தெரியலாயிற்று.

இப்பணியில் அவருக்குத் துணைநின்றவன் டொரன்ஸ் அற்வாற்றர் என்னும் இளைஞன். ஜோர்ஜியா மாநிலத்து அன்டர்சன்வில் சிறைமுகாமில் ஏறக்குறைய 13,000 கைதிகள் மாண்டனர். இறந்தோர் பதிவேட்டை எழுதுமாறு பணிக்கப்பட்ட கைதியாகிய அவன், காவலர் அறியாமல் மற்றொரு படியும் எழுதி வெளிக்கொணர்ந்தான். புதைகுழிகளில் இலக்கமே இடப்பட்டிருந்தது. 1865 இல் அம்மையாரும் அவனும் அங்குச் சென்ற குழுவினருடன் இருந்து, ஏட்டையும் இலக்கத்தையும் ஒப்புநோக்கிப் பெயர்ப்பலகைகள் நாட்டுவித்தனர். பெயரறியப்படாது எஞ்சியவை ஏறக்குறைய 460 மட்டுமே. எழுதுகோல் ஒன்றினால் ஓர் இளைஞன் ஆற்றக்கூடியது எத்துணைப் பெரிது என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

பின்னர் ஐரோப்பா சென்ற அம்மையார் செஞ்சிலுவை இயக்கத்தை அங்கு அறிந்து, 1881 இல் அமெரிக்கச் சங்கத்தை நிறுவினார். போர்க்காலத்தில் மட்டுமன்றி வெள்ளம், புயல் முதலிய இடர்களிலும் சங்கம் உதவவேண்டும் என வற்புறுத்தினார். 1889 இல் 2,200 பேருக்கு மேல் மாண்ட ஜோன்ஸ்ரவுன் வெள்ளத்தின்போது மாதக்கணக்கில் அங்குத் தங்கி உழைத்தார். சங்க நிர்வாகம் பற்றிக் கண்டனங்கள் எழவே, 1904 இல் தலைமையைத் துறந்தார். 1912 ஏப்பிரல் 12 இல், தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

வாஷிங்டனில் அவர் இருந்து கடிதங்களைக் கையாண்ட மாடியறை, பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 1990களின் பிற்பகுதியிலே கண்டெடுக்கப்பட்டது. இடிக்கப்படவிருந்த அக்கட்டிடம் காக்கப்பட்டுப் பின்னர் அரும்பொருட்சாலையாயிற்று.

புண்ணுக்கு மருந்திடுதல் தொண்டு. அதனை எவரும் உணர்வர். பெயரை வினாவுதலும், எழுதி வைத்தலும், மறுமொழி விடுத்தலும் தொண்டே என்பதை உணர்வார் சிலரே. ஆசிரியராகிய நாம் நாடோறும் இடாப்புக் கூப்பிடுகின்றோம். வாராதவன் பெயருக்கு எதிரே குறியிடுவதோடு அமையாது, அவன் ஏன் வரவில்லை என உசாவும்போதே அவ்வேலை கடமை நிலையினின்றும் உயர்ந்து தொண்டாகின்றது. பாடசாலையை இழந்த அவ்வாசிரியையார் ஒரு நாட்டின் இடாப்பையே கையிலெடுத்து, வாராதோரை ஒவ்வொருவராய்ப் பெயர்சொல்லித் தேடினார். அவர்தம் வாழ்வினின்றும் யாம் கொள்ளும் பாடம் இதுவே.