மகளின் பட்டப்படிப்பு: கடன் வாங்குமுன் கணக்கு எழுதுங்கள்



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வெலிமடைப் பகுதி வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கலைப் பிரிவில் சித்தியடைந்த மகள், "அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் எடுக்கப் போகிறேன் உம்மா" என்கிறாள். வாப்பா இந்தப் போக உருளைக்கிழங்கு என்ன விலை போகும் என்று யோசிக்கிறார். உம்மாவின் கண் நகைப் பெட்டியின் பக்கம் போகிறது. "பெண் பிள்ளைக்கு இவ்வளவு செலவா?" என்று உறவினர் ஒருவர் கேட்கிறார்.

மகள் படிக்கத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து வேண்டாம். எந்தப் பணத்தில் படிப்பது, படித்த பின் அந்தப் பணம் எப்படித் திரும்பும் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இலவசமாகக் கிடைப்பது எது?

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. ஒலுவில், பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. தகுதியுடைய பிள்ளைகளுக்கு மஹாபொல புலமைப்பரிசிலோ வேறு உதவிப் பணமோ உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பஸ், புத்தகம் ஆகியவையே செலவு. இதைக் குடும்பம் தாங்க முடியுமென்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகளின் வீட்டில்தான் கடன் பேச்சு எழுகிறது.

கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு?

தனியார் கல்வி நிறுவனங்களில் படிப்போருக்காக அரசாங்கம் 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. தொடக்கத்தில் கற்கைக் கட்டணத்துக்கு 8 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. தெரிவான கற்கைகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், மகள் விரும்பும் பாடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

8 லட்சத்தை 8 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி இல்லையென்றால் மாதம் 8,333 ரூபாய். அதே தொகையை 15 வீத வட்டிக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 14,350 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 13 லட்சத்து 78 ஆயிரம் அளவில் வரும். வட்டி மார்க்கத்தில் ஹராம் என்பது உங்களுக்குத் தெரியும். அது குடும்பத்தை எப்படி அரிக்கும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

வருமானத்தைப் பாருங்கள். 2020இல் அரசாங்கம் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அதில் 8,333 ரூபாய் கடனுக்குப் போனால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அதன் பின் சம்பளம் உயர்ந்தது உண்மை. 2022இன் நெருக்கடியில் விலைவாசியும் உயர்ந்தது. அந்த நியமனம்கூட எல்லா ஆண்டும் வருவதில்லை. பட்டம் பெற்ற பெண்கள் வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை நம் ஊர்களிலேயே காண்கிறோம். அவர்கள் காத்திருந்தாலும் கடனின் தவணை காத்திருக்காது. கல்யாணமாகிப் போகும் வீட்டுக்கும் அது கூடவே போகும்.

இலவசக் கல்வி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? இங்கிலாந்தில் 2023 முதல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் தாண்டும் தொகையில் 9 வீதத்தை 40 ஆண்டுகள் வரை கட்ட வேண்டும். அந்தக் கடனுக்கும் வட்டி உண்டு. முஸ்லிம் மாணவருக்காக வட்டியில்லா மாற்று வழிக்கு 2017இல் அங்கே சட்டம் இடமளித்தது; ஆனால் பல ஆண்டுகள் சென்றும் நடைமுறைக்கு வரவில்லை. நமக்குள்ள இலவசக் கல்வியின் அருமை அப்போது புரியும்.

வேறு வழி இல்லையா?

உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும், திறந்த பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே சிறுகச் சிறுகக் கட்டணம் செலுத்திப் படிக்கலாம். கிராம உத்தியோகத்தர் பதவிக்கான போட்டிப் பரீட்சைக்கு உயர்தரச் சித்தியே போதும்; பட்டம் வேண்டியதில்லை. முதலில் உத்தியோகம், பிறகு பட்டம் என்பதும் நல்ல வழிதான்.

இன்னொன்று. அரசியல் விஞ்ஞானம் தானாகச் சம்பளம் தருவதில்லை. அதோடு மொழி சேர வேண்டும். 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். வெலிமடைப் பிள்ளைகள் கடையிலும் சந்தையிலும் சிங்களம் பேசியே வளர்கிறார்கள். எழுதவும் வாசிக்கவும் பழகினால் அது பெரிய சொத்து. ஆங்கிலமும் சேர்ந்தால் நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் துணிந்து தோற்றலாம்.

சம்பளத்தில் சேராத பயனும் இருக்கிறது. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 இடங்கள் பெண்களுக்கு. 2018 தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. சபையின் சட்டமும் வரவு செலவும் விளங்கிய ஒரு பெண் அங்கே இருந்தால் ஊருக்கே நன்மை. ஆனால் அந்த நன்மைக்காகக் குடும்பம் வட்டியில் மூழ்கக் கூடாது.

திருக்குர்ஆனின் ஆக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஆகவே மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: மொத்தச் செலவு எவ்வளவு? கையில் இருப்பது எவ்வளவு? கடன் எவ்வளவு, அதில் வட்டி உண்டா? வேலை இரண்டு ஆண்டு தாமதித்தால் தவணையை யார் கட்டுவது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்தக் கடன் வேண்டாம். மேலே சொன்ன வேறு வழியைப் பாருங்கள். படிப்பை மட்டும் நிறுத்தி விடாதீர்கள்.

அல்லாஹ் நம் பெண் பிள்ளைகளின் அறிவிலும் வாழ்விலும் பரக்கத் செய்வானாக.