ஈம் ஊரின் சேகரப் பதிவேடு
புனித லாரன்ஸ் ஆலயம், டெர்பிஷயர்

1538-இல் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணைப்படி, இங்கிலாந்தின் ஒவ்வொரு சேகரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டியதாயிற்று. அரசுப் பதிவு வந்தது 1837-இல்தான்; அதற்கு முந்தைய முன்னோரைத் தேடுவோர் முதலில் புரட்டுவது இத்தகைய ஏடுகளையே.

ஈம் ஏட்டின் கனத்த பக்கங்கள் 1665 செப்டம்பரில் தொடங்குகின்றன. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்தது என்பது ஊர் வழக்கு. முதலில் மாண்டவர் அந்த வீட்டில் இருந்த ஜார்ஜ் விக்கர்ஸ். மறு கோடையில் நோய் மூர்க்கமானபோது, குருவானவர் வில்லியம் மாம்பெசனும், முன்பு இங்கே குருவாயிருந்த தாமஸ் ஸ்டான்லியும் சொன்னதை ஏற்று, ஊரார் எல்லை தாண்டாமல் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களைக் காக்க எடுத்த முடிவு அது.

வழிபாடு கக்லெட் பள்ளத்தாக்கின் திறந்தவெளிக்கு மாறியது. இறந்தோரை வீட்டாரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் 1666 ஆகஸ்டில், எட்டே நாளில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் அடக்கம் செய்தார். அவர்களின் நினைவுக்கற்கள் ஊருக்கு வெளியே, ரைலி கல்லறைகள் என்ற வட்டச் சுவருக்குள் உள்ளன. அதே மாதம் மாம்பெசனின் மனைவி கேத்தரினும் இறந்தார். அவர் கல்லறை இந்த ஆலய வளாகத்திலேயே இருக்கிறது.

மாண்டவர்கள் சுமார் 260 பேர். பலருக்குக் கல்லறைக் கல் கிடையாது; அவர்கள் பெயரை அறிய ஏடே ஆதாரம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று கக்லெட்டில் நினைவு வழிபாடு நடக்கிறது.