பாட்டி வீட்டுப் பெட்டியில் ஒரு கொலு

நவராத்திரி நெருங்கும்போது மடக்குப் படியின் விலையைக் கேட்டு, “இந்த ஆண்டும் நமக்குக் கொலு இல்லை” என்று திரும்பும் இளங்குடும்பங்கள் சிங்கப்பூரில் உண்டு. அதே வாரத்தில், வீட்டை ஒழிக்கிறோம் என்று பாட்டியின் தகரப் பெட்டியையும் பித்தளை உருளியையும் காராங் குனிக்காரரிடம் சில வெள்ளிக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. கொலுவுக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பழைய சாமான்களிலேயே இருக்கின்றன. விலைச்சீட்டைப் பார்த்து அம்பிகை படியேறுவதில்லை.

மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் படி அமைப்பது மரபு. வீவக வீட்டுக் கூடத்திற்கு மூன்றே போதும். சுவரையொட்டி மேசை; அதன்முன் தகரப் பெட்டி; அதற்கும் முன்னால், ஒரே உயரமுள்ள மைலோ டின்களின்மேல் ஒரு பலகை. டின்களில் மணலோ அரிசியோ நிரப்பி மூடினால் பலகை ஆடாது. ஒவ்வொரு படியும் பின்படியைவிட ஒரு சாணேனும் தாழ்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் பின்வரிசைப் பொம்மைகளின் முகம் மறைந்துவிடும்.

விரிப்புக்கு வெள்ளை வேட்டியே வழக்கம். எனினும், உடுத்த இயலாமல் அலமாரியில் கிடக்கும் பட்டுச் சேலைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமோ? மடிப்பில் கிழிந்திருந்தாலும் சரிகைக் கரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அக்கரை படியின் விளிம்பில் தெரியுமாறு விரித்து, உட்புறம் ஊக்குக் குத்தினால் கிழிசல் கண்ணில் படாது. மிஞ்சிய துணியில் மரப்பாச்சித் தம்பதியருக்குப் புத்தாடை தைக்கலாம். நைலான் சேலையை மட்டும் விளக்கருகே கொண்டுவரலாகாது; தீப்பொறி பட்டால் உருகிப் பற்றிக்கொள்ளும்.

கறுத்த பித்தளையைப் புளியிட்டுத் தேய்த்தால், அதன் அமிலம் களிம்பைக் கரைத்துப் பழைய நிறத்தை மீட்டுத் தரும். அடி ஒழுகும் உருளிக்குள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, நீரூற்றி மலர்களை மிதக்கவிடலாம். விரிசல் கண்ட குத்துவிளக்கை ஏற்றுவது வழக்கமில்லை; அதன் தட்டில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைக்கலாம். உருளி நீரை நாள்தோறும் மாற்றுவது இவ்வூரில் மிக அவசியம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கொலுவோ ஒன்பது இரவுகள். டெங்கிக் காய்ச்சலோடு அபராதமும் வீடு தேடி வரும்.

படிகளின் முன்னே சிறு பசுந்தோட்டம் வேண்டுவோர், பழைய பிஸ்கட் டின் மூடியில் ஈரமண் பரப்பி, நான்கைந்து நாட்களுக்கு முன்பே வெந்தயமும் கடுகும் தூவிவைக்கலாம். பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை இது.

ஆனால் வண்ணம் உதிர்ந்த பழைய பொம்மைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லாதீர்கள். அந்நாளைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் சிறுவர் உடலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவைத்தலே போதும். மங்கிய முகமும் ஓர் அழகுதான்.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்தபின், மறுநாள் பொம்மைகளைப் பழைய வேட்டித் துண்டுகளில் சுற்றி, படியாக நின்ற அதே தகரப் பெட்டிக்குள் அடுக்கிவிடலாம். எந்தப் பொம்மை எந்தப் படியில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு வேலை எளிதாகும்.